45 மில்லிமீட்டரை எங்கே கற்பது?

போன மாதம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்து, டீயைக் குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டான்.

"மாமா, ரெண்டு வருசமா உங்ககூட சைட்டுல நிக்கிறேன். கம்பி எண்ணத் தெரியும், சட்டி எண்ணத் தெரியும். ஆனா இன்ஜினியர் வந்து 'கோடுப்படி இது தப்பு'ன்னு சொன்னா வாயத் தொறக்க முடியல. அந்தக் கோட எங்க போய்ப் படிக்கிறது? டிப்ளமோ சேரவா, ராம்நாட்டுல ஒரு ஆபீஸ்ல உக்காரவா, இல்ல போன்லயே பாத்துக்கிரவா? உங்ககூடயே சுத்துனா வராதா?"

அவன் சொன்ன கோடு, இன்ஜினியர்கள் ஆங்கிலத்தில் 'code' என்கிற கட்டட விதிப் புத்தகம். பிளஸ் டூ முடித்தவன், வயது இருபது. உச்சிப்புளியிலிருந்து பாம்பன் வரை நான் எடுத்துச் செய்யும் சின்னச் சின்ன வீட்டு வேலைகளில் சூப்பர்வைசர் மாதிரி இருக்கிறான். அன்றைக்கு "பார்க்கலாம்டா" என்று மழுப்பி அனுப்பிவிட்டேன். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதால், உட்கார்ந்து யோசித்ததை எழுதிவிடுகிறேன்.

என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். நான் படித்தது பத்தாவது. தொழில் கற்றது மேஸ்திரியிடம். கோடு புத்தகத்தை நான் கையில் எடுக்கக் காரணம் ஆர்வம் கிடையாது, என் வீட்டு போர்டிகோ.

2009ல் மண்டபத்தில் சொந்த வீடு கட்டினேன். கடல் கூப்பிடு தூரம். போர்டிகோ ரூஃபுக்குக் கம்பி கட்டி முடிக்கும்போது, கம்பியைத் தகட்டில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் தீர்ந்துவிட்டது. ராமநாதபுரம் போய் வாங்கி வந்தால் அரை நாள் போகும். "உடைஞ்ச ஜல்லிய முட்டுக் குடுங்கடா, போதும்" என்று சொன்னது நானேதான். 2018 மழைக்காலத்தில் அடிப்பக்கம் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது, கம்பி போகிற வழியிலேயே நேராக. அடுத்த வருடம் அது வெடிப்பாகிவிட்டது. ஒரு விடியற்காலையில் பொத்தென்று சத்தம். போய்ப் பார்த்தால், ஸ்கூட்டர் சீட்டின் மேல் முறம் அகலத்துக்கு ஒரு காரைப் பத்தை. எடுத்துத் திருப்பி டேப் வைத்து அளந்தேன். கம்பிக்கு அடியில் இருந்த கான்கிரீட், கவர் என்று சொல்வோமே அது, 12 மில்லிமீட்டர். இரும்பு துருவாக மாறும்போது பழைய கனத்தைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை ஊதும். அந்த ஊதலை 12 மில்லிமீட்டர் கான்கிரீட் எப்படித் தாங்கும்? கடற்காற்று படும் அந்த இடத்துக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான 2000ஆம் ஆண்டு ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர்.

ஆகவே மருமகன் கேட்ட வழிகளை ஒப்பிட எனக்கு ஒரே ஒரு எண் போதும். இந்த 45ஐ எந்த வழியில் போனால் முழுசாகக் கற்கலாம்? முழுசாக என்றால், புத்தகத்தில் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது, சைட்டில் எப்படிக் காப்பாற்றுவது, காப்பாற்றாவிட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் சேர்த்து.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எங்கள் மேஸ்திரியிடம் கோடு என்றால் வானம் தோண்டப் போடுகிற சுண்ணாம்புக் கோடுதான் நினைவுக்கு வரும். அவர்மேல் குற்றமில்லை. மற்றவர்களும் 'கோடு' என்று சொல்லும்போது இரண்டு வேறு வேறு சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று அனுமதி விதிகள்: மனையில் எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ள வேண்டும் என்பவை. 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் இந்த வகை. இன்னொன்று தரநிலைகள்: கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, காற்றுக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, கம்பிக்கு ஐ.எஸ். 1786, இவற்றையெல்லாம் ஒரு குடைக்குள் கொண்டுவரும் 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டடக் குறியீடு. முதல் வகையை மீறினால் நோட்டீஸ் வரும். இரண்டாவது வகையை மீறினால் பத்து வருடம் ஒன்றும் வராது, அப்புறம் ஸ்கூட்டர் மேல் காரை விழும். நம் பக்கத்தில் "எனக்குக் கோடு தெரியும்" என்று சொல்கிறவர்களில் நான் பார்த்த பலருக்கும் தெரிந்தது முதல் வகை மட்டும்தான்.

சரி, வழிகளுக்கு வருகிறேன். முதலில் சைட்டிலேயே கற்பது, அதாவது மேஸ்திரி பள்ளிக்கூடம்.

இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. எங்கள் பெரிய மேஸ்திரி நாற்பது வருடக் கை. போர்டிகோ விழுந்தபின் நான் திருந்தி, சாக்கு நிறைய 45 மில்லிமீட்டர் கவர் பிளாக் வாங்கிக் கொண்டுபோன முதல் வேலையில் அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "தம்பி, பிளாக்க வைக்கிறது ஒரு வேலையா? சித்தாளு பாண்டு தூக்கிட்டு மிதிச்சுப் போறப்ப எந்தப் பிளாக்கு சரியிது, எந்தக் கம்பி அமுங்குதுன்னு பாக்கணும். அதுதான் வேல." அன்றைக்கு அவர் சென்ட்ரிங் தகட்டின் மேல் குனிந்து, கம்பிக்கு அடியில் விரலை விட்டு விட்டுப் பார்த்தபடியே கான்கிரீட்டுக்கு முன்னால் நகர்ந்தார். மூன்று இடத்தில் பிளாக் கவிழ்ந்து கிடந்தது. ஒரு இடத்தில் அரைத்துண்டு. நடக்கப் பலகை போடச் சொன்னதும் அவர்தான். இந்த அறிவு எந்தப் பக்கத்திலும் கிடையாது. ஐ.எஸ். 456 கவர் எண்ணைத் தரும், அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது, கூடினால் 10 வரை பரவாயில்லை என்றும் சொல்லும். குறையாமல் பார்க்கிற கண்ணை அது தராது.

ஆனால் அதே மேஸ்திரியிடம் தண்ணீர்க் கணக்கு கேட்டால் கதை வேறு. "கைல புடிச்சா தெரியும்" என்பார். ஒருநாள் நான் அளந்து பார்த்தேன். ஒரு மூட்டைக்குப் போன தண்ணீர் 32 லிட்டர். 50 கிலோ சிமெண்டுக்கு 32 லிட்டர் என்றால் விகிதம் 0.64. கடற்காற்று படும் கான்கிரீட்டுக்குக் கோடு கொடுக்கும் உச்சம் 0.45, அதாவது மூட்டைக்கு 22.5 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் இதில் கழிக்க வேண்டும். கூடுதலாகப் போன தண்ணீர் காய்ந்து வெளியேறிய துளை வழியாகத்தான் பிறகு உப்பு உள்ளே நுழைகிறது. கவர் 45 வைத்துவிட்டுத் தண்ணீரை 32 லிட்டர் ஊற்றினால், பூட்டைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி.

சட்டிக் கணக்கும் அப்படித்தான். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்று நாம் காலம்காலமாகப் போடுவது எம் 20. எம் என்பது கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் தரம், எண் கூடினால் பலம் கூடும். கடலோர வெளிப்புறக் கான்கிரீட்டுக்குக் கோடு கேட்பது எம் 30, கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சட்டி எண்ணிப் போடும் கலவையைக் கோடு எம் 20 வரைக்கும்தான் ஒத்துக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் உங்கள் மணல், உங்கள் ஜல்லியை வைத்து ஆய்வகத்தில் கலவை வடிவமைத்து வாங்க வேண்டும். இதை எந்த மேஸ்திரியும் சொல்லித் தரமாட்டார், அவருக்குச் சொன்னவர் யாரும் இல்லாததால். சைட் மட்டும் போதும் என்று இருந்தால், நாற்பது வருடம் கழித்தும் மருமகன் நல்ல கையுள்ள எம் 20 ஆளாகவே இருப்பான்.

அடுத்தது தானாகப் படிப்பது. செலவில்லாத வழி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் ஐ.எஸ். தரநிலைகளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்து, எண் தெரியாமல் போன பக்கங்களை வைத்துத்தான் இதைப் படித்தோம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன, சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். யூடியூபில் தமிழிலேயே ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். அதில் மட்டும் ஜாக்கிரதை. கவர் எவ்வளவு என்று தேடினால் ஒருவர் 20 என்பார், இன்னொருவர் 40 என்பார், மூன்றாவது ஆள் அமெரிக்கக் கோட்டை வைத்து அங்குலத்தில் பேசுவார். எந்தப் புத்தகம், எந்த வருடம், எந்த அட்டவணை என்று சொல்லாதவரின் எண்ணை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நானே படித்துவிட்டேன். மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 'ஷல்' என்று வந்தால் கட்டாயம். 'ஷுட்' அல்லது பரிந்துரை என்று வந்தால் செய்வது நல்லது. 'மே' என்று வந்தால் உன் இஷ்டம். கான்கிரீட் போட்டபின் தண்ணீர் விட்டு நனைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதா சிமெண்டுக்கு 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் என்பது கட்டாயம். வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் எந்தச் சிமெண்டாக இருந்தாலும் 10. கலப்புச் சிமெண்டை 14 நாள் வரை நனைக்கலாம் என்பது பரிந்துரை. கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி.தான். ஏழாம் நாளோடு ஓஸ் பைப்பைச் சுருட்டுகிறவர்கள் எந்த வரியை மீறுகிறார்கள் என்று இப்போது தெரியும்.

மருமகனோடு சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐ.எஸ். 456ன் மூன்றாம் அட்டவணையைப் படித்தோம். சூழலை அது ஐந்து படியாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு படியையும் எங்கள் ஊரில் ஓர் இடத்தைக் காட்டிப் புரிந்துகொண்டோம். உப்புக்காற்று நேரடியாகப் படாமல் மறைவாக இருக்கும் கடலோரக் கான்கிரீட் இரண்டாம் படி, வீட்டுக்குள் படுக்கையறைக் கூரையின் அடிப்பக்கம் மாதிரி. அதற்கு 30 மில்லிமீட்டர், எம் 25. கடலோரக் காற்று வெளிப்படையாகப் படுவது மூன்றாம் படி, என் போர்டிகோ. 45, எம் 30. அலைத்திவலை வந்து அடிக்கிற இடம் நான்காம் படி. வாடைக்காற்று எழும்பினால் வடகடல் ஓரத்துச் சுவர்களில் வெள்ளையாக உப்புப் படியுமே, அங்கே 50, எம் 35. அலை ஏறி இறங்கும் மட்டத்தில் நிற்கும் தூண் ஐந்தாம் படி, 75, எம் 40. பாம்பன் பாலத்துக்குக் கீழே போய் நின்றால் ஐந்தாம் படி என்னவென்று கண்ணாலேயே தெரியும்.

கடலிலிருந்து எத்தனை மீட்டர் வரை 'கடலோரம்' என்று மருமகன் கேட்டான். அந்த அட்டவணையில் மீட்டர் கணக்கு இல்லை. காற்றையும் மறைவையும் பார்த்து நாம்தான் முடிவுகட்ட வேண்டும். இங்கேதான் ஊர்க்காரனுக்கு ஒரு அனுகூலம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் இரும்பு அரிப்பை ஆராயத் தேடி வந்து நிலையம் போட்டிருப்பது மண்டபம் முகாமில். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசைலாக்சேன் பூச்சும் போட்டதற்கும் காரணம் இதே காற்று. அப்படிப்பட்ட காற்றில் வளர்ந்த நாம் சந்தேகம் வந்தால் மேல் படிக்குப் போவதுதான் புத்தி.

தானாகப் படிப்பதில் உள்ள ஆபத்து ஒன்றை மருமகனே செய்து காட்டினான். 45 என்று படித்த உற்சாகத்தில், அடுத்த வேலையில் பால்கனி ரூஃபுக்கு 20 மில்லிமீட்டர் பிளாக்கை எடுத்துவிட்டு 45ஐ வைத்துவிட்டான். யாரையும் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. ரூஃப் கனம் 5 அங்குலம், அதாவது 125 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் கம்பி. மேல் மட்டத்திலிருந்து கம்பியின் நடுவரைக்கும் உள்ள ஆழம்தான் ரூஃபின் பலம். 20 கவரில் அது 100. 45 வைத்ததும் 75. நான்கில் ஒரு பங்கு ஆழத்தை நல்லெண்ணத்தோடு வெட்டி எறிந்துவிட்டான்! இன்ஜினியருக்குப் போன் போட்டோம். கனத்தை 6 அங்குலமாக்கினால் ஆழம் திரும்ப 100 வரும். ஆனால் கூடுகிற 25 மில்லிமீட்டரால் சதுர மீட்டருக்கு அறுபது கிலோவுக்கு மேல் எடை ஏறும், அது பீமுக்கும் பில்லருக்கும் அஸ்திவாரத்துக்கும் போகும் என்று அவர் திரும்பக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அட்டவணையில் ஒரு எண்ணைத் தொட்டால் வேறு நான்கு எண் அசையும். எது எது அசையும் என்று தனியாகப் படிக்கிறவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாவது, ராமநாதபுரத்தில் பிளான் போட்டு அப்ரூவல் வாங்கித் தரும் இன்ஜினியர் ஆபீஸ். சம்பளம் கொஞ்சமாக வரும், ஏ.சி. அறை, ஆட்டோகேட் பழகலாம். அனுமதி விதிகளைக் கற்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று அடித்துச் சொல்வேன். பக்கவாட்டில் விட வேண்டிய இடம், தளப்பரப்புக் குறியீடு 2.0 (மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற எண்), மழைநீர் சேகரிப்புத் தொட்டி இல்லாத பிளான் நகராது என்பதெல்லாம் ஒரே மாதத்தில் மனப்பாடமாகிவிடும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி. வசதிதான். ஆனால் விதிப்படிதான் கட்டுகிறேன் என்று உறுதி கொடுப்பது வீட்டுக்காரர். அதனால் விதி தெரிந்த ஆளுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது.

கடலோர மண்டலச் சிக்கலும் அங்கே உட்கார்ந்தால்தான் பிடிபடும். ஊராட்சிப் பகுதிகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்பதே பழைய பழக்கம். 2019 அறிவிக்கை அதை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதியானால் 50 மீட்டர், மற்றவற்றுக்கு அதே 200. உங்கள் ஊர் எதில் வருகிறது என்பதை டீக்கடையில் கேட்கக் கூடாது. அங்கீகரித்த கடலோர மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாக் கரையில் கூடுதல் கண்டிப்பு இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் 45 இந்த ஆபீசில் தேறுமா? நான் பார்த்த வரைக்கும் சந்தேகம்தான். ஒருமுறை ஒரு வீட்டுக்கு வந்த கட்டமைப்பு வரைபடத்தின் மூலையில் பொதுக் குறிப்புகள் இருந்தன. எம் 20, கவர் 20. எந்த ஊர் வரைபடத்தின் தலைப்பை மாற்றி அனுப்பினார்களோ. திண்டுக்கல்லில் கட்டினால் அந்தக் குறிப்பு சரியாகக்கூட இருக்கும். அதே தாள் பாம்பனில் வீட்டுக்காரர் காசுக்கு வைக்கும் வேட்டு. அனுமதி ஆபீசில் யாரும் அந்த மூலையைப் பார்த்துக் கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆகவே ஆபீசில் உட்காரப் போகிறவன் எடுத்ததும் கேட்க வேண்டியது இதுதான்: இங்கே ஸ்ட்ரக்சுரல் கணக்கு போடுகிறார்களா, பழைய தாளை எடுத்து ஓட்டுகிறார்களா?

நான்காவது டிப்ளமோ. கீழக்கரையிலேயே பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாவது முடித்தவனுக்கு மூன்று வருடம். பிளஸ் டூவில் தகுந்த பாடம் எடுத்தவன் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டு வருடம் போதும். ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் என்று இரண்டு வருடப் படிப்பும் உண்டு. வரையக் கை வரும், ஆனால் கணக்கு அவ்வளவு ஆழமாகப் போகாது என்பதால் இவனுக்கு அதைச் சொல்லவில்லை.

டிப்ளமோவில் கிடைக்கும் முக்கியமான பொருள், அந்த 125, 100, 75 கணக்கு. ஆழம் குறைந்தால் தாங்குதிறன் ஏன் குறைகிறது என்பதைப் பலகையில் போட்டுக் காட்டுவார்கள். கியூபை, அதாவது பலம் பார்க்க வார்த்த கான்கிரீட் கட்டியை, உடைத்துப் பார்க்கக் கையில் கொடுப்பார்கள். நம் சைட்டுகளில் கியூப் என்றால் பாலம் கட்டுகிறவர்கள் சமாச்சாரம் என்று நினைப்பு. கோட்டின்படி 1,000 சதுர அடி ரூஃபில், 5 அங்குலக் கனத்தில், கிட்டத்தட்ட 12 கன மீட்டர் கான்கிரீட் வரும், அதற்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப், ஆக ஆறு கியூப் எடுக்க வேண்டும். கடலோரத்தில் காற்று வேகத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதும் படிப்பில் வரும். 2015ஆம் ஆண்டு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, கிழக்குக் கரையில் கடலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வரைக்கும், புயலுக்குப் பிறகும் நின்றாக வேண்டிய மருத்துவமனை, புகலிடம் போன்றவற்றுக்கு வேகத்தை 1.30ஆல் பெருக்கச் சொல்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த 1.30ஐ விளக்க வேண்டியதில்லை.

முக்கியமான இன்னொன்று கையெழுத்து. பிளானில் கையெழுத்திடும் பதிவுபெற்ற ஆளாக வேண்டுமென்றால் படிப்பும் அனுபவமும் காகிதத்தில் இருக்க வேண்டும். ஐ.எஸ். 456ஐத் தலைகீழாகச் சொன்னாலும் எனக்கு அந்தக் கதவு திறக்காது. இதைச் சொல்லும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

குறை இல்லாமல் இல்லை. வகுப்பில் தரும் கணக்குகள் எல்லாம் காற்றும் உப்பும் இல்லாத ஊரில் நடப்பவை. கவரை 20 என்று எடுத்துக்கொள்க என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். கொடுத்த எண்ணை வைத்துக் கணக்கு முடிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அந்த எண்ணை எங்கே தேடுவது என்று கேட்டால் விழிக்கிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு டிப்ளமோ பையன் ரசமட்டத்தை முதன்முதலாக என் சைட்டில்தான் கையில் பிடித்தான். இரண்டு வருடச் சம்பளம் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்கா வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

இவ்வளவும் எடுத்து வைத்துப் பார்த்தபின் மருமகனுக்கு நான் சொன்னது: டிப்ளமோ சேர். இருபது வயதுக்கு அதுதான் சரி, கையெழுத்துக்காகவும் அந்த ஆழக் கணக்குக்காகவும். ஆனால் சனி, ஞாயிறும் லீவு நாளும் சைட்டை விடாதே. வகுப்பில் கவர் 20 என்று ஒரு கணக்கு வந்தால், அதே கணக்கை வீட்டில் 45 வைத்து இன்னொரு தடவை போடு. விடை எங்கே மாறுகிறது என்று பார். ஆபீஸ் வேலையைப் படிப்பு முடிந்தபின் ஒரு வருடம் பார்த்தால் போதும், அப்போது அந்த மூலைக் குறிப்பைப் பார்த்துக் கேள்வி கேட்கும் தைரியம் வந்திருக்கும்.

இதையே முப்பத்தைந்து வயதில் குடும்பத்தோடு இருக்கும் காண்ட்ராக்டரிடம் சொல்லமாட்டேன். அவருக்குப் பாலிடெக்னிக் ஆகாது. ஐ.எஸ். 456ல் மூன்று, ஐந்து, பதினாறு என்று மூன்று அட்டவணைகளையும் தண்ணீர் பற்றிய 5.4ஆம் பிரிவையும் படித்தால் நம் கரையில் வரும் முக்கால்வாசி வில்லங்கம் பிடிபடும். கூடவே, போன் போட்டால் எடுக்கிற ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அவருக்குக் கொடுக்கும் பீஸைச் செலவாக நினைத்தால், 45 வைத்த பெருமையில் 75ல் நிற்க நேரும். பி.இ. சிவில் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேர்மாறாகச் சொல்வேன். ஆறு மாதம் ஒரு நல்ல மேஸ்திரி பின்னால் நடக்கட்டும், பாண்டு தூக்குகிறவர் மிதிக்கிற இடத்தைப் பார்க்கட்டும். வீடு கட்டும் சொந்தக்காரர்கள் எதையும் படிக்க வேண்டாம். கம்பி இறங்கும் அன்று ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தாலே நல்லது.

மருமகன் தலையாட்டினான். பாலிடெக்னிக் விண்ணப்பம் போட்டாகிவிட்டது. போன வாரம் உச்சிப்புளிப் பக்கம் ஒரு வேலைக்கு அவனை அனுப்பியிருந்தேன். வீட்டுக்காரர் போர் போட்டு வைத்திருந்தார், அந்தத் தண்ணீரிலேயே கான்கிரீட் போடலாம் என்றார். மருமகன் ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரிப்போர்ட்டில் 1,340 என்று வந்தது. வண்டித் தண்ணீர் வாங்க வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார், அரை மனதோடு.

"கலக்குறதுக்கு வண்டித் தண்ணி, சரி. நனைக்கிறதுக்குப் போர்த் தண்ணி விடலாம்ல தம்பி?" என்று கேட்டாராம்.

மருமகன் 5.4ஐப் போனில் எடுத்து, "கலக்குறதுக்கும் நனைக்கிறதுக்கும்னு ரெண்டையும் சேர்த்துத்தான் போட்டிருக்குண்ணே" என்று அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டியிருக்கிறான். அதற்கு அவர், "அப்ப பத்து நாளைக்கும் வண்டியா?" என்றாராம். பி.பி.சி. என்பதால் பதினாலு என்று சொல்ல வாய் வந்ததாம், வாடகையை யோசித்துப் பத்தோடு நிறுத்திக்கொண்டானாம்.